பத்தாயிரம் வெள்ளி மோக் செக்கும் பொருளாளர் பெயரில் இருக்கும் கணக்கும்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பினாங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பதினான்கு ஆண்டுகளாகப் பதினோரு பேர் சேர்ந்து ஓர் இலக்கிய வட்டம் நடத்தி வருகிறோம். மாதம் ஒரு கூட்டம், மூன்று மாதத்துக்கு ஒரு சிற்றிதழ், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு நாடகப் பட்டறை. எல்லாம் கைக்காசுதான். இன்னும் பதிவு செய்யவில்லை. பணம் பொருளாளர் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. போன ஆண்டு விழாவில் ஒரு டத்தோ (கௌரவப் பட்டம் பெற்ற பிரமுகர்) மேடையில் 10,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மோக் செக், அதாவது தொகை அச்சிட்ட பெரிய அட்டைக் காசோலை, கொடுத்தார். எட்டு மாதம் கழித்து 3,000 வெள்ளி வந்தது. 23 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினோம், ஒரு பதிலும் இல்லை. இப்போது ஒருவர், ‘நான் மானியம் வாங்கித் தருகிறேன், கிடைப்பதில் 15 விழுக்காடு எனக்கு’ என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே யாராவது பணம் கொடுப்பார்களா?

பதில்:

அன்புள்ள டீச்சர், வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுப்பார்கள். ஆனால் இன்று ஒருவர் ஐம்பதாயிரம் கொடுக்க முன்வந்தாலும் அதை வாங்கிப் போட உங்களிடம் ஒரு கணக்கு இல்லை. பொருளாளர் தங்கமானவராக இருக்கலாம். நாளைக்கே அவருக்கு ஒன்று நடந்தால் அந்தப் பணம் அவருடைய சொந்தச் சொத்தாகவே பார்க்கப்படும். நான் கோலாலம்பூரில் கணக்காய்வாளராகப் பல ஆண்டு இருந்தவன், இரண்டு அறவாரியங்களுக்காக விண்ணப்பங்கள் படித்துத் தேர்வு செய்யும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். தனிமனிதர் பெயரில் வங்கிக் கணக்கு உள்ள விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை அந்தக் குழுவில் யாரும் புரட்டியதே இல்லை.

ஆகவே முதல் வேலை பதிவு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும், நீங்கள் பதினோரு பேர் இருக்கிறீர்கள். விண்ணப்பம் இணையம் வழியாகவே. சிலர் உங்களிடம் ‘உத்தரவாத நிறுவனமாக (பங்குகள் இல்லாத கம்பெனி) பதிவு செய்யுங்கள், மதிப்பு அதிகம்’ என்பார்கள். அதற்கு ஆண்டுதோறும் தணிக்கை, கம்பெனி செயலாளர் கட்டணம் என்று சில ஆயிரம் போகும். சிற்றிதழ் அச்சடிக்கும் காசை அதில் கொட்டாதீர்கள், சங்கமே போதும். சங்கத்தின் பெயரில் கணக்கு, செக்கில் குறைந்தது இரண்டு கையெழுத்து, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவான ஆர்.ஓ.எஸ்.சுக்கு ஆண்டறிக்கை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் நம் சங்கங்கள் மறக்கும். மூன்று வருடம் அனுப்பாமல் விட்டு, மானியம் கிடைக்கப்போகும் நேரத்தில் நாலாபக்கமும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 15 விழுக்காட்டுக்காரர் வேண்டாம். காரணம் எளிது. விண்ணப்பத்தில் ஒவ்வொரு வெள்ளியும் எதற்கு என்று வரி வரியாக எழுத வேண்டும். அவருடைய பங்கை எந்த வரியில் எழுதுவீர்கள்? எழுதினால் மானியம் வராது. எழுதாமல் மறைத்தால், பிள்ளைகளின் பட்டறைக்கு என்று வாங்கிய பணத்தில் பொய்க் கணக்கு எழுதுகிறீர்கள். நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் சர்வதேச சங்கத்து நெறிமுறையே விழுக்காட்டுக் கூலியைத் தடை செய்கிறது. எழுத்துவேலைக்கு ஆள் தேவை என்றால் நிலையான கூலி பேசி, முன்கூட்டியே, உங்கள் சொந்தப் பணத்தில் கொடுங்கள். மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே தொகை.

இப்போது அந்த 23 கடிதம். நகல் அனுப்பியிருந்தீர்கள். ‘மேலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, தமிழின் தொன்மையைச் சொல்லி, ‘தங்களால் இயன்ற ஆதரவை வழங்குமாறு’ என்று முடிகிறது. கோபிக்காதீர்கள் டீச்சர், இதே கடிதத்தை நான் நூறு முறை படித்திருக்கிறேன், கீழே உள்ள சங்கத்தின் பெயர்தான் மாறும். ஒரு நிறுவனத்துக்கு மூன்று பாக்கெட் உண்டு. முதலாளியின் சட்டைப்பை ஒன்று. விளம்பரப் பிரிவு ஒன்று. அறவாரியம் ஒன்று. மூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஆசை. உங்கள் கடிதம் மூன்றிலும் விழாமல் வரவேற்பு மேசையிலேயே நின்றுவிட்டது.

சட்டைப்பை நமக்கு நன்றாகத் தெரிந்த பாக்கெட். நூல் வெளியீட்டில் முதல் நூலை ஒரு டத்தோ ஆயிரம் வெள்ளிக்கு வாங்குவார், பிறகு அரங்கமே வரிசையாக மேடையேறி எழுத்தாளர் கையில் பண உறையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தமிழர் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன். 1971 தேசியப் பண்பாட்டுக் கொள்கைக்குப் பின் தேசிய இலக்கியம் என்றால் மலாய் இலக்கியம் என்பதே அதிகாரபூர்வ நிலை. தமிழ் எழுத்துக்கு அரசு இலக்கியப் பணம் இயல்பாக வந்து சேரும் வாய்க்கால் இல்லை. அந்த உறைகள்தாம் இங்கே அச்சகத்துக் கடனை அடைத்திருக்கின்றன. ஆனால் ஒரு குறை: உறைக்கு ரசீது இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் இரவோடு இரவாக எங்கோ போய்விடும். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். அடுத்த விழாவில் வாசலில் ஒரு மேசை, ஒரு ரசீதுப் புத்தகம், பெயரும் கைப்பேசி எண்ணும் எழுத ஒரு நோட்டு வையுங்கள். உறை கொடுத்த எண்பது பேருக்கு ஆண்டுக் கடைசியில் ஒரு பக்கக் கடிதம், ‘உங்கள் 50 வெள்ளி இந்த இதழின் இத்தனை பிரதிகளானது’ என்று. அந்தப் பட்டியல்தான் உங்கள் முதல் சொத்து.

விளம்பரப் பிரிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்குத் தலைகள் வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள். லிட்டில் இந்தியா துணிக்கடையிடம் சிற்றிதழின் பின்னட்டையை விற்கலாம், அவ்வளவே. மதுபானம், சிகரெட், சூதாட்டம் சார்ந்த நிறுவனம் ஏதாவது முன்வந்தால் உடனே தலையாட்டாதீர்கள். பட்டறை பள்ளியில் நடக்கிறது, தலைமையாசிரியருக்கு வீண் சிக்கல்.

மூன்றாவது பாக்கெட்டில்தான் நிற்க வேண்டும். சைம் டார்பி நிறுவனத்தின் யாயாசான் (அறவாரியம்) சைம் டார்பி 1982இல் தொடங்கியது, கலை பண்பாடு அதன் தூண்களில் ஒன்று. அரசு முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் யாயாசான் ஹசானா 2015இல் வந்தது. அரசு தரப்பில் 2017இல் தொடங்கிய கலை வளர்ச்சி அமைப்பு சென்டானா. நாடக இயக்குநர் கிருஷன் ஜித் 2005இல் மறைந்தபின் அவர் நினைவாக ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக்குழு நடத்தும் நிதி சிறியது, ஆனால் புதியவர்களுக்குத் திறந்தது. உங்கள் ஊரிலேயே, 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கையோடு 2009இல் தொடங்கிய நகரப் புத்தாக்க அமைப்பான திங்க் சிட்டி, தெருவோரத்துச் சிறு குழுக்களுக்குக்கூடச் சிறு மானியங்கள் கொடுத்தே பெயர் வாங்கியது. 2011 முதல் நடக்கும் ஜார்ஜ்டவுன் இலக்கிய விழாவின் பின்னால் மாநில அரசின் பணம் இருக்கிறது. ஒவ்வொன்றின் விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே போன வருடத்துப் படிவத்தை நிரப்பி அனுப்பாதீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் கவனித்தீர்களா? இவற்றில் ஒன்றுகூட ‘தமிழ்ச் சிற்றிதழ் நடத்த’ என்று பணம் வைத்திருக்கவில்லை. சென்டானா தொடங்கும்போதே காட்சிக்கலை, நிகழ்த்துகலை, சுயாதீன இசை என்றுதான் எல்லை போட்டது. உங்களிடம் மூன்று வேலை இருக்கிறது: கூட்டம், இதழ், நாடகப் பட்டறை. மானியக் கதவுக்குள் நுழையக்கூடியது மூன்றாவது மட்டுமே. பிள்ளைகள், நிகழ்த்துகலை, தமிழ்ப்பள்ளி, மரபு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியது, இந்த நாட்டின் தமிழ்க் கல்வி வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ‘தமிழ் தொன்மையான மொழி’ என்று பொத்தாம் பொதுவாக எழுதுவானேன்? இருநூறு ஆண்டுக் கதையைப் பிள்ளைகளே நாடகமாக்கி, மரபுடைமை வளாகத்துக்குள் நடித்துக் காட்டுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கூட்டத்துக்கும் இதழுக்கும் மானியம் தேடாதீர்கள். அவை உங்கள் சொந்தக் காசில் நிற்க வேண்டியவை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கெர்த்தாஸ் கெர்ஜா (திட்ட முன்மொழிவு) எப்படி எழுதுவது என்று தனியாக ஒரு குறிப்பில் கேட்டிருந்தீர்கள். மலாயில் அல்லது ஆங்கிலத்தில் எழுதுங்கள். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன பட்டறையின் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று, மலாய் வசன வரியோடு. பிள்ளை மேடையில் நின்று பேசுவதைப் பார்த்தவுடன் ஐந்து பக்க முன்னுரைக்கு வேலை இல்லாமல் போகும்.

நான் முதலில் பார்ப்பது பட்ஜெட் பக்கம். குழுவில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான், வெளியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் அனுப்பிய பட்ஜெட்டில் பெரிய செலவெல்லாம் ‘நிகழ்ச்சிச் செலவு 15,000’ என்று ஒரே வரியில் இருக்கிறது. உங்கள் பட்டறையையே நான் போட்டுப் பார்த்தேன். ஆறு சனிக்கிழமை, 25 பிள்ளைகள். பயிற்றுநருக்கு நாளொன்றுக்கு 300 வீதம் 1,800. பிள்ளைகளும் உதவியாளர் ஐவருமாக முப்பது பேருக்குத் தலைக்கு 8 வெள்ளிச் சாப்பாடு, ஆறு நாளைக்கு 1,440. வேன் 900. அச்சு 400. உடையும் மேடைப் பொருள்களும் 1,200. கடைசி நாள் நிகழ்ச்சி 1,500. மொத்தம் 7,240. நிர்வாகத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 7,964. ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 319 வெள்ளி. இந்தக் கடைசி எண்ணைத்தான் குழுவில் உள்ளவர் மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

பள்ளி மண்டபம் உங்களுக்கு இலவசம், அதை விட்டுவிட்டீர்கள். வெளியே வாடகை நாளுக்கு 200 என்றால் ஆறு நாளைக்கு 1,200 வெள்ளி உங்கள் பங்களிப்பு என்று தனிப் பத்தியில் காட்டுங்கள். உங்கள் பதினோரு பேரின் உழைப்பையும் அப்படியே. நிர்வாகச் செலவை எழுதக் கூச்சப்படாதீர்கள். நம்மவர்கள் ‘நாங்கள் ஒரு சல்லிக்காசு எடுப்பதில்லை’ என்று பெருமையாக எழுதுவார்கள். அதைப் படிக்கும் எனக்குக் கவலைதான் வரும்: ரசீதை யார் கோப்பில் போடுவது, தொலைபேசிக்கு யார் கட்டுவது, இரண்டு வருடத்தில் களைத்துப்போய் யார் விலகுவது? இன்னொன்று, கூட்டல் சரியாக இருக்கட்டும். உங்கள் பட்ஜெட்டில் 40 வெள்ளி உதைக்கிறது.

வரிவிலக்கு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் டத்தோக்கள் முதலில் கேட்பது அதுதான். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என். அங்கீகரித்த அமைப்புக்குக் கொடுத்தால், கொடுத்தவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைக்கும் கழித்துக்கொள்ளலாம். 24 விழுக்காடு வரி கட்டும் நிறுவனம் 10,000 கொடுத்தால் 2,400 வெள்ளி வரி மிச்சம். அந்த அங்கீகாரம் புதிய சங்கத்துக்கு எடுத்த எடுப்பில் கிடைக்காது, கணக்கும் செயல்பாடும் காட்ட வேண்டும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள அமைப்பொன்று பட்டறையைத் தன் திட்டமாகவே ஏற்று உங்களோடு சேர்ந்து நடத்தலாம்: பணம் அவர்கள் கணக்கில், ரசீது அவர்களுடையது, செலவும் அவர்கள் வழியாக, எல்லாம் எழுத்து ஒப்பந்தத்தோடு. ‘சும்மா உங்கள் ரசீதை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்பது வேறு, அது மோசடி. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சொந்தக் காசு பற்றிச் சொல்கிறேன் என்றேன். மானியம் ஒரு வேலைக்கு வரும், வேலை முடிந்ததும் நின்றுவிடும். எவ்வளவு பெரிய அமைப்புக்கும் இது பொருந்தும். ஹேரியட் மன்றோ என்ற அம்மையார் 1912இல் சிக்காகோவில் ‘பொயட்ரி’ என்ற கவிதை இதழைத் தொடங்குமுன் என்ன செய்தார் தெரியுமா? ஊரில் ஏறி இறங்கி, ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுக்குத் தருவதாக நூறு பேருக்கு மேல் கையெழுத்து வாங்கினார். ஒருவரிடம் ஐயாயிரம் கேட்கவில்லை. அந்த இதழ் இன்றைக்கும் வருகிறது. 2002இல் ரூத் லில்லி என்ற பெரும்பணக்காரர் அதே இதழுக்குப் பத்துக் கோடி டாலர் அளவில் கொடுத்தார். அவர் முன்பு அதற்குக் கவிதை அனுப்பியவர், அவை ஒன்றும் வெளியாகவில்லை. திருப்பி அனுப்பும்போது ஆசிரியர் கையால் எழுதிய குறிப்பு போகும். (உங்களுக்கு வரும் கவிதைகளைத் திருப்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ரூத் லில்லி வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.)

சிக்காகோ வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி தொடங்கி, மலாயாப் பல்கலைக்கழகத் தமிழுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். 1960இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் துண்டாடலுக்கு (பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதற்கு) எதிராகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது பால்மரம் சீவியவர்களிடம் பத்து வெள்ளி கேட்டார். அந்தச் சங்கம் பிறகு தோட்டங்களையே வாங்கியது, இன்று கோலாலம்பூரில் நம் இலக்கியக் கூட்டங்கள் பலவும் அதன் கட்டடத்து அரங்கில்தான் நடக்கின்றன. நாட்டியமும் இசையும் கற்பிக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைப் பாருங்கள், 1981இலிருந்து இருக்கிறது. சாப்பிட்டவர் மனசுக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்ற கொள்கையால்தான் அதன் அன்னலட்சுமி உணவகம் பெயர் வாங்கியது. கொடுத்துப் பழகிய கூட்டம்தான் பிறகு நாட்டிய அரங்கேற்றத்தில் டிக்கெட்டும் வாங்குகிறது.

உங்கள் கணக்கு இது: அறுபது பேர், மாதம் 20 வெள்ளி, வங்கி வழியாகத் தானாகக் கழியும்படி. ஆண்டுக்கு 14,400. இதழும் மாதக் கூட்டமும் அதில் தாராளமாக நடக்கும். பதினான்கு ஆண்டில் நீங்கள் படிப்பித்து வளர்த்த பிள்ளைகள் இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பொறியாளராக இருப்பார்கள். டத்தோவைத் தேடுமுன் அவர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி அனுப்புங்கள். நன்கொடை என்று கேட்காமல், மாதம் 20, இத்தனை காலத்துக்கு, இதற்காக என்று கேளுங்கள். டீச்சர் கேட்டால் இல்லை என்று சொல்லும் மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை. இதில் இன்னொரு பலனும் உண்டு. அறவாரியத்துக்குப் போகும்போது ‘எங்களை அறுபது பேர் மாதா மாதம் தாங்குகிறார்கள்’ என்று எழுதலாம். தன் ஊராரே நம்பாத ஒரு குழுவை வெளியார் நம்புவதில்லை.

மானியம் கிடைத்தபின் அறிக்கையைக் கேட்கும்வரை வைத்திருக்காதீர்கள். பட்டறை முடிந்த ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள், தவறியதையும் சேர்த்து: 25 பிள்ளைகளில் ஏழு பேர் மூன்றாம் வாரத்தோடு நின்றுவிட்டார்கள், வேன் வராத நாள் அது, அடுத்த முறை இப்படி மாற்றுவோம் என்று. இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். நான் பொருளாளராக இருந்த ஒரு நாடகக் குழுவில் மானியத்தில் 600 வெள்ளி மிஞ்சியது. ‘அடுத்த நிகழ்ச்சிக்கு ஆகட்டும்’ என்று கேட்காமலே வைத்துக்கொண்டோம். நல்ல எண்ணம்தான். கொடுத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, மறுபடி கொடுக்கவுமில்லை. அறுநூறு வெள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால், வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த மோக் செக் விஷயம். இனி எழுத்தில் உறுதிக் கடிதம் கையில் இல்லாமல் யாருக்காகவும் அட்டையில் தொகை அச்சடிக்காதீர்கள். மேடையில் நின்று படம் பிடித்த 10,000 வெள்ளியை நம்பி அச்சகத்துக்கு ஆர்டர் கொடுத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: வந்த 3,000க்கு அவருக்கு என்ன அனுப்பினீர்கள்? உங்கள் கடிதத்தில் அவர்மேல் மனக்குறை இருக்கிறது, ரசீது பற்றிய பேச்சில்லை. பாக்கி 7,000ஐப் பற்றி ஒரு சொல் எழுத வேண்டாம். 3,000 வெள்ளிக்கு ரசீது, அது எந்தெந்தச் செலவுக்குப் போனது என்ற ஒரு பக்கக் கணக்கு, பிள்ளைகள் நடித்த படம் இரண்டு. மூன்றையும் ஓர் உறையில் போட்டு இந்த வாரமே அனுப்பிவிட்டு, அவர் பெயரை ரசீது நோட்டின் முதல் வரியில் எழுதி வையுங்கள். பதிவு எண் கிடைத்தவுடன் திருத்திய பட்ஜெட்டை எனக்கு அனுப்புங்கள், அந்த 40 வெள்ளி எங்கே உதைக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.